மேஸ்திரி கூவியது

அந்தத் தையல்காரிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து கொல்லைக்கு ஓடுவாள். கோழிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து மறுபடி மெஷினை மிதிப்பாள். நூல் துண்டை விழுங்கி ஒரு குஞ்சு செத்ததிலிருந்து ஓயாமல் தரையைக் கூட்டுகிறாள். முட்டை கிடைத்தால் சூடு ஆறும்வரை கன்னத்தில் வைத்துக்கொள்வாள். அந்த நேரம் மட்டும் கால் சும்மா இருக்கும்.

வாடகை வீடு. மாடியில் வீட்டுக்காரர். சேவல் கூவித் தூக்கம் கெடுகிறது என்று அவர் குதித்ததால், அதைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அதன்பின் ஒரு கறுப்புப் பெட்டை கூட்டத்தை அதட்டி மேய்த்தது. அதற்கு 'மேஸ்திரி' என்று பெயர் வைத்தாள். ஒரு நாள் காலை மேஸ்திரி கழுத்தை நீட்டி, எண்ணெய் காணாத கதவு மாதிரி ஒரு குரலில் கூவியது.

அன்றே வீட்டுக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். நொண்டிக்கொண்டே இறங்கி வந்தார்.

"பொட்டைக்கோழி கூவுற வீடு உருப்படுமா? அறுத்துப் போடும்மா. இல்லேன்னா காலி பண்ணு."

"உங்க பாத்ரூம் பாசிக்கு என் கோழி என்னண்ணே பண்ணும்? சேவல் இல்லேன்னா பெரிய பொட்டை ஒண்ணு அந்த எடத்தப் புடிச்சுக்கும், கூவிப் பாக்கும். சேவலை அனுப்பச் சொன்னது நீங்கதானே?"

"வாய் ரொம்ப நீளுது."

பாசியைத் தேய்க்கச் சோம்பல். பழி போட ஒரு பெட்டை. ஆண் கூவினால் தூக்கம் கெடும், அவ்வளவுதான். பெண் கூவினால் குடும்பமே கெடுமாம். என்ன நியாயம் இது?

அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவன். "பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கத்துல இருக்கு. ஒரு கோழிக்காக மூட்டை கட்டணுமாடி?" என்றான்.

மறுநாள் தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது கொல்லையில் கறுப்பு இறகுகள் கிடந்தன. அவன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"நீ இருந்தா விடமாட்டே..."

"கறி?"

"மாடியில வாங்கிக்கிட்டாங்க."

"கூவினா ஆகாது, கொழம்புல கெடந்தா மட்டும் ஆகுமா?"

அவள் மெஷினில் உட்கார்ந்தாள். நூல் அறுந்துகொண்டே இருந்தது. கோர்ப்பாள், எழுவாள், கொல்லைவரை போவாள், திரும்புவாள்.

அந்த வாரமே சாம்பல் நிறப் பெட்டை குப்பைமேட்டில் ஏறிக் கூவியது.

மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. "ஏம்மா! இன்னொண்ணா?"

அதைப் பிடிக்க நகர்ந்த புருஷனுக்குக் குறுக்கே அவள் போய் நின்றாள்.

"தொட்டுப் பாருங்க! இதை அறுத்தா அடுத்தது கூவும். எத்தனைய அறுப்பீங்க?" பிறகு ஜன்னலைப் பார்த்து, "நாங்க வேற வீடு பாத்துக்கிறோம்ணே. பாசியைத் தேச்சுட்டு அடுத்த ஆளைக் குடிவைங்க."

"எங்கடி போவோம்?" என்றான் அவன்.

"இதுங்களையும் சேத்துக்கிற எடத்துக்கு."

அன்று மாலையே கிளம்பிவிட்டாள். பார்த்த வீடுகளிலெல்லாம் முதலில் கொல்லையைப் பார்த்தாள். பிறகு, "பொட்டைக்கோழி கூவினா உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று நேராகவே கேட்டாள். ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். ஒருவர் பேசாமல் கதவைச் சாத்தினார். அவள் அடுத்த தெருவுக்குள் திரும்பினாள்.