கூரையில்லாத கார்

பொறாமை என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அக்காவுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அது தானாகவே வந்து வயிற்றில் உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் உலகச் சண்டை முடிந்து, பெட்ரோல் என்ற வஸ்து மறுபடியும் கண்ணில் படத் தொடங்கியிருந்த சமயம். எங்கள் ஊர் அரியலூருக்குக் கிழக்கே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில்.

அதற்கு முன்னால் ஒரு பிஸ்கட் டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தப்பா திருச்சியிலிருந்து வாங்கி வந்தது. பிஸ்கட்டை எல்லோரும் தின்றார்கள், டின் எனக்கு வந்தது. அதன் மூடியில் ஒரு சிவப்புக் கார் படம். கூரை கிடையாது. இரண்டே பேர் உட்காரலாம். அதில் ஒரு வெள்ளைக்காரி தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், துணியின் முனை காற்றில் பின்னால் பறக்கும். நான் அவள் முகத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என் முகத்தை வைத்துப் பார்த்துக்கொள்ள அது வசதியாக இருந்தது. அப்படி எத்தனையோ ஊருக்குப் போய் வந்திருக்கிறேன். நிஜத்தில் நான் ஏறியிருந்த மோட்டார் வண்டி அரியலூர் போகும் கரி பஸ் ஒன்றுதான். அதற்குப் பின்பக்கம் அடுப்பு எரியும், ஏற்றம் வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும்.

இப்படியிருக்கையில் பூ வைக்கிற அன்று காலையில், தோப்பு வளைவில் செம்மண் புழுதி எழும்பியது. கரி பஸ்ஸின் இருமல் இல்லை, ஒரே சீரான உறுமல். புழுதியிலிருந்து முதலில் நீண்ட மூக்கு வந்தது. வண்டியில் பாதி மூக்குதான். பிறகு இரண்டு பெரிய விளக்குகள், சைக்கிள் சக்கரம் போலக் கம்பி வைத்த சக்கரங்கள், பின்னால் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த உபரிச் சக்கரம். கூரை இல்லை. இரண்டே இருக்கை. புழுதிக்கு அடியில் பழுத்த மிளகாயின் சிவப்பு. என் டின் மூடியிலிருந்து யாரோ அதைக் களவாடிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆண்கள் வீட்டுக்குள் போனதும் நான் கிட்டப் போனேன். மூக்கின்மேல் விரலை வைத்தேன், சுட்டது. எடுக்க மனமில்லாமல் அப்படியே வைத்திருந்தேன். தோலும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை வந்தது. இது எனக்காகத்தான் வந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவின் தங்கை, அத்தை, பின்னால் வந்து நின்று அந்த எண்ணத்தில் மண்ணைப் போட்டாள்.

"ஒங்கக்கா குடுத்து வச்சவடி. இனிமே இதுலதான் போவா, வருவா."

அக்கா பதினெட்டு முடிந்தவள். ஊர்க் கணக்கில் ஏற்கெனவே தாமதம். உள்ளறையில் தலை நிறையப் பூவோடு குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காரில் ஆசை இருந்ததாக நான் ஒரு நாளும் கேள்விப்பட்டதில்லை. என் டின்னில் அவள் ரிப்பன்களைத்தான் போட்டுவைப்பாள், மூடியைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். நான் ஓடிப்போய், கார் வந்திருக்கிறது என்று மூச்சுவாங்கச் சொன்னேன். அவள் மெதுவாக நிமிர்ந்து, "அவரு நெட்டையா, குட்டையாடி?" என்று கேட்டாள். அப்பேர்ப்பட்ட கார் வாசலில் நிற்கிறது, இவள் ஆளைப் பற்றிக் கேட்கிறாள்! குரங்கு கையில் பூமாலை என்றால் இதுதான் என்று தோன்றியது. அப்போது எரியத் தொடங்கிய வயிறு கல்யாணம் வரை ஆறவில்லை.

என் எரிச்சலுக்கு ஆறுதலாக, காரைப் பற்றி வேறொருவருக்கும் மனக்குறை இருந்தது. அவர் அப்பா. மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு சித்தப்பாவைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

"எல்லாம் நல்ல எடந்தான். ஆனா வண்டிக்கு மேல ஒண்ணுமே காணுமேப்பா?"

சித்தப்பா திருச்சி வரை போய் வந்தவர். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. "ஊருக்குப் போற வெள்ளக்காரன்கிட்ட வாங்குனதாம். அவன் கூரைய மட்டும் கழட்டிக்கிட்டுப் போயிருப்பான்" என்றார்.

அப்பா அதை அப்படியே நம்பினார். மாப்பிள்ளை பெரம்பலூர்ப் பக்கம் வசதியான குடும்பம், திருச்சியில் காலேஜ் படித்தவர். அவருடைய வண்டிக்குக் கூரை இல்லை என்று எப்படி வாயைத் திறந்து சொல்வது? சொல்லாமலும் இருக்க முடியவில்லை. எங்கள் பக்கம் கௌரவமான வீட்டுப் பெண் கூண்டு போட்ட வண்டியில் திரைபோட்டுத்தான் போவாள். "தெறந்த வண்டியில எரு போவும், கரும்பு போவும். எம்பொண்ணு போவமாட்டா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்பா யோசனையில் ஆழ்ந்தார்.

கல்யாணம் எங்கள் வீட்டில். தாலி கட்டி முடிந்து, எல்லோரும் பந்தியில் இருந்த நேரம் பார்த்து நான் களத்துக்குப் போனேன். அங்கேதான் கார் நின்றது, மூக்கில் மாலையோடு. ஏறி உட்கார்ந்தேன். டின்னில் இருப்பவள் போலத் தலையில் துண்டு கட்டிக்கொண்டேன். பிறகு முட்டி போட்டு இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். பித்தான் போட்ட ஒரு உறை இருந்தது. கழற்றினால் உள்ளே மடித்து வைத்த கம்பிகளும் தடித்த துணியும். இழுத்தேன். குடை விரிவதுபோல ஒரு கூரை எழும்பி வந்தது.

"மெதுவாப் பாப்பா, கை மாட்டிக்கும்."

புது அத்தான் பக்கத்தில் நின்றார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. நான் அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. "மழை வந்தா இழுத்து மூடிக்கிற படுதா" என்று சொல்லிக்கொண்டே அதை மடித்து உள்ளே தள்ளிப் பித்தானைப் போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா வந்தார். அவருக்குப் பின்னால் ஆசாரி, ஆசாரிக்குப் பின்னால் எங்கள் வில்வண்டியின் கூண்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நாலைந்து பேர். மூங்கில் வளைத்துப் பாய் போட்டு, ஊரே பொறாமைப்படும்படி அப்பா செய்துவைத்திருந்த கூண்டு அது.

"மாப்ள தப்பா நெனச்சிக்கக் கூடாது," அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஏதோ எங்களால ஆனது. பொண்ணு மறைவாப் போவணும் பாருங்க. ஆசாரி அளவெடுத்துக் கட்டிருவான்."

நான் வாயைத் திறந்தேன். அத்தான் கூண்டைப் பார்த்தார். அதன் இரண்டு பக்கமும் கீழே வரை இறங்கியிருந்த பாயைப் பார்த்தார். பின்பக்கத்துக்காக அம்மா தன் பழைய சேலையைக் கிழித்துத் தைத்திருந்த திரையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்து, யாரும் கவனிக்காதபடி விரலை உதட்டில் வைத்து எடுத்தார்.

"நீங்க சொன்னாச் சரிதாங்க மாமா. கட்டச் சொல்லுங்க."

படித்தவர் இவ்வளவு அசடாக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நானும் பேசவில்லை. அவர் சொன்னதற்காக இல்லை. கூண்டு போட்டுவிட்டால் அக்காவுக்கு ஒன்றுமே தெரியாது. காற்று வராது, சேலை முனை பறக்காது, அவளையும் யாரும் பார்க்க முடியாது. ஓட்டுகிறவருக்காக முன்னால் ஒரு முறம் அளவு இடைவெளி, அவ்வளவுதான். உலகத்திலேயே அழகான காரில் ஏறி, மூட்டைபோலப் போகப் போகிறாள். எனக்குக் கிடைக்காதது அவளுக்கும் கிடைக்கவில்லை என்ற நினைப்பே வயிற்றில் பானகம் ஊற்றியதுபோல் இருந்தது.

கிளம்புகிற நேரத்தில் எனக்கு ஒரு நப்பாசை பிறந்தது. கல்யாணப் பெண்ணோடு துணைக்குத் தங்கைதானே போவது வழக்கம்? நான் உரிமையோடு போய்க் கதவைப் பிடித்தேன். அத்தை என் கையை விலக்கினாள். இரண்டு பேருக்குத்தான் இடம், அதோடு நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாதாம். எனக்கும் அவளுக்கும் வில்வண்டி. அதில் கூண்டு இல்லை, அதுதான் காரின் தலையில் இருந்ததே. ஆக அப்பாவின் வாக்குப்படி எருவும் கரும்பும் போகிற மாதிரி நாங்கள் இரண்டு பேரும் வெயிலில் போனோம். நான் அழுத அழுகையில் கண்ணில் இட்டுவிட்ட மை கன்னத்துக்கு வந்துவிட்டது.

கார் முன்னால் போயிற்று. வேகமாகப் போனால் கூண்டு பறந்துவிடும் என்று ஆசாரி சத்தியம் பண்ணிச் சொல்லியிருந்ததால், மாட்டு வண்டி போலத்தான் போயிற்று. கொஞ்ச நேரம் அதன் புழுதி தெரிந்தது. அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பக்கம் போனபோது, சாலையை விட்டு விலகி ஒரு பெரிய புளியமரத்தடியில் கார் நின்றுகொண்டிருந்தது. மூக்கு வயலைப் பார்த்து, திரை சாலையைப் பார்த்து. உள்ளே ஒரு அசைவும் இல்லை.

எனக்கு வந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. "அத்தே! கார் ரிப்பேராப் போச்சு!" என்று கத்தினேன். வண்டியை நிறுத்தச் சொன்னேன். வண்டிக்காரர் நிறுத்தாமல் மாட்டைத் தட்டினார். "நிக்கட்டும் பாப்பா, நின்னா என்ன" என்றார். அத்தை என் தலையைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பினாள்.

"அங்க பாரு, மயிலு!"

மயில் ஒன்றையும் காணோம். அத்தைக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு கூட்டம் காத்திருந்தது. வண்டி நிற்பதற்குள் நான் குதித்தேன். அத்தை என் பாவாடையைப் பிடிக்கப் பார்த்தாள், தப்பிவிட்டேன். புது ஊரில், முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் கேட்கும்படி, கார் புளியமரத்தடியில் கெட்டுப்போய் நிற்கிறது என்று அறிவித்தேன். அவ்வளவுதான். அக்காவின் மாமனார் துண்டை உதறித் தலையில் கட்டினார். அத்தானின் அண்ணன்மார்கள் தொழுவத்துக்கு ஓடினார்கள். வடக்கயிறு வந்தது, உழவு மாடு ஒரு ஜோடி வந்தது. பெரிய ஊர்வலமாகக் கிளம்பினார்கள், நான் முன்னால் வழிகாட்டிக்கொண்டு போனேன்.

தெருமுனையைத் தாண்டுவதற்குள் கார் எதிரே வந்துவிட்டது. தானாகத்தான் வந்தது. கயிற்றையும் மாட்டையும் பார்த்து அத்தான் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"என்னாடா ஆச்சு வண்டிக்கு?" என்றார் அவர் அப்பா.

"ஒண்ணுமில்லீங்கப்பா. நல்லாத்தான்..." என்று தொடங்கியவர், நல்லாயிருந்தால் ஏன் நின்றது என்ற அடுத்த கேள்வி வருவதற்குள் சுதாரித்துக்கொண்டார். "இன்ஜின் சூடாயிருச்சு."

சூடானதை இனி ஓட்டக் கூடாது என்று தீர்மானமாயிற்று. புதுப்பெண் உள்ளே இருக்கிறாள், வெடித்துக்கிடித்துத் தொலைத்தால்? அத்தான் மேலே பேச முடியாமல் இன்ஜினை நிறுத்தினார். காரின் அழகான மூக்கில் வடக்கயிற்றைக் கட்டினார்கள். மேலே வில்வண்டிக் கூண்டு, பின்னால் சேலைத்திரை, முன்னால் ஜோடி மாடு. இழுத்துக்கொண்டு போனார்கள். தெருவே சிரித்தது. நான் கூடவே ஓடி, திரை விலகிய இடத்தில் எட்டிப் பார்த்தேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக் குனிந்திருந்தாள். தோள்கள் குலுங்கின. அவமானத்தில் அழுகிறாள் என்று புரிந்துகொண்டு கை தட்டினேன்.

அந்தக் காரை அத்தான் ரொம்ப காலம் வைத்திருந்தார். ஒரு நாளும் வழியில் நின்றதில்லை என்று பெருமையாகச் சொல்லுவார். கொஞ்சம் வளர்ந்த பிறகு ஒரு தடவை, கல்யாணத்தன்றே நின்றதே என்று எல்லோர் முன்னாலும் நான் ஞாபகப்படுத்தினேன். அக்கா புரையேறி அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாமியார் உட்கார்ந்து கூண்டுவண்டியில் போய்ச் சேர்ந்து, அந்த வீட்டில் ஒரு வருஷம் குப்பை கொட்டிய பிறகுதான் அக்காவிடம் போய்க் கேட்டேன். அன்று மரத்தடியில் என்ன செய்தீர்கள்?

"என்னத்த செய்யிறது. பேசிக்கிட்டு இருந்தோம்" என்றாள். அவர்கள் வீட்டில் அத்தனை ஓரகத்திகள். பகலில் புருஷனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். என் புகுந்த வீட்டிலும் அதேதான்.

"அப்படி என்ன பேச்சு?"

அவள் முறத்திலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். "அவரு பேர என் வாயால ஒருவாட்டி சொல்லச் சொன்னாரு. யாருக்கும் கேக்காதுன்னாரு. சொன்னேன்."

"அப்பறம்?"

"அப்பறம் எங்கடி சொல்றது."

எங்களில் எந்தப் பெண்ணும் புருஷன் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்திலிருப்பவரைச் சொல்லச் சொல்லுவோம். எனக்கு என்னவரின் பேர் எழுத்தில்தான் தெரியும், நாக்கில் தெரியாது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவளைப் பார்த்தபோது, பூ வைத்த அன்று எரிந்த அதே இடத்தில் எனக்கு மறுபடியும் எரிந்தது. அந்தப் பேரைச் சொல்லிவிட்டு வந்த சிரிப்பை அடக்க முடியாமல்தான் அன்று அவள் குலுங்கியிருக்கிறாள். அதைப் பார்த்து, அழுகிறாள் என்று நான் தெரு முழுக்கக் கை தட்டிக்கொண்டு ஓடினேன்.