ஒன்பதாம் எண் ஜெர்ஸியும் பழனி மொட்டையும்

முருகனை நம்பிய சொந்தங்களே, நான் வடமதுரைக்காரி. திண்டுக்கல் பக்கம் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். பெண்கள் கால்பந்து அணியில் விளையாடுகிறேன். போன தைப்பூசம் முடிந்த மறுவாரம், எங்கள் மைதானத்திலேயே என்னை அடித்துக் கொல்லப் பார்த்தார்கள். இன்று இதை எழுத உயிர் இருக்கிறது என்றால் அது அந்த முருகன் போட்ட பிச்சை.

எங்களிடம் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் ஒரே செட் ஜெர்ஸிதான். பையன்கள் ஆடி முடித்துக் கழற்றிக் கொடுப்பார்கள். அந்த வேர்வை நாற்றத்தோடு மாட்டிக்கொண்டு நாங்கள் இறங்குவோம். மூக்கைப் பொத்திக்கொண்டு பந்து விளையாட முடியுமா? பழகிவிட்டது.

டவுசர் போட்டு விளையாட அப்பா சம்மதித்தால் மொட்டை போடுகிறேன் என்று பழனியாண்டவரிடம் வேண்டியிருந்தேன். அப்பா சம்மதித்தார். பூசத்துக்கு நடந்தே போய் முடி கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் ஆண்கள் அணியின் ஒன்பதாம் எண்காரனும் அதே பூசத்துக்கு மொட்டை போட்டவன்.

நான் அடி வாங்கிய அன்று, பையன்கள் ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவன் பந்தை விட்டுவிட்டு எதிரணி கேப்டனின் காலை உதைத்தான். எலும்பு முறிந்த சத்தம் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற எனக்கே கேட்டது. கேப்டனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஆட்டம் முடிந்ததும் அதே ஒன்பதாம் எண்ணை நான் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தேன்.

உதைத்தவன் ஒன்பதாம் எண், மொட்டைத் தலை என்று போனில் சேதி கேட்டு, கேப்டனின் அண்ணன் நெய்க்காரப்பட்டியிலிருந்து ஆட்களோடு வந்து இறங்கியது எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு மொட்டைத் தலையும் எண்ணும்தான் தெரிந்தன.

முதல் அடி பிடரியில். கார்னர் கொடிக்கம்பைப் பிடுங்கி அந்த அண்ணன்தான் அடித்தார். குப்புற விழுந்தேன். விலாவில் மிதித்தார்கள். மண் வாய்க்குள் போனது. உடைந்த பல் நாக்கில் உருண்டது. என் தோழிகள் கத்தினார்கள், யாராலும் நெருங்க முடியவில்லை. செத்தேன் என்றே நினைத்தேன். பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. அடித்தவர்கள் மேல் இல்லை, பழனியில் இருப்பவன் மேல்.

"முருகா! ஒனக்கு முடியக் குடுத்ததுக்கா எனக்கு இந்த அடி?"

ஓங்கிய கம்பு அப்படியே நின்றது.

"டேய், நிறுத்துங்கடா! பொம்பளப் புள்ளடா! பழனி மொட்டைடா!" அந்த அண்ணன்தான் அலறினார்.

பின்னால் வந்தவர்களுக்கு வெறியில் எதுவும் காதில் ஏறவில்லை. கட்டையும் செங்கல்லும் விழுந்துகொண்டே இருந்தன. அண்ணன் என் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். மிச்ச அடியெல்லாம் அவர் மேல் விழுந்தது. அவர் கை எலும்பு நொறுங்கியபோது அவர் உடம்பு துடித்ததை என் முதுகு உணர்ந்தது.

எனக்குத் தலையில் தையல், விலாவில் விரிசல். "பந்தும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். வீட்டுக்கு வா ஆத்தா" என்று ஆஸ்பத்திரியில் அப்பா அழுதார். அப்போது அந்த அண்ணன் மாவுக்கட்டோடு வந்து என் கட்டில் ஓரம் நின்றார். அம்மா செருப்பைக் கழற்றினார்.

"அடிங்கம்மா. கையெடுத்துக் கும்பிடக்கூட முடியலீங்க, ஒரு கைதானுங்க இருக்குது."

அம்மா செருப்பைக் கீழே போட்டுவிட்டு அழுதார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம்புள்ள மறுபடி வெளாண்டா நீ வந்து காவலுக்கு நிப்பியா?" என்றார்.

"நிக்கிறேனுங்க."

இப்போது எங்கள் மைதானத்தில் எந்த ஆட்டம் நடந்தாலும் கோட்டோரம் அவர் நிற்கிறார். நான் விளையாடுகிறேன்.

ஆபத்து வந்தால் கூப்பிடுங்கள். அழுதும் கூப்பிடலாம், என்னைப் போலத் திட்டியும் கூப்பிடலாம். கட்டாயம் வருவான். வேலோடும் மயிலோடும்தான் வருவான் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். எனக்கு, என்னை அடித்த கையாகவே வந்தான்.