‘386 விரைவில்’ என்றொரு பலகை

மாட்டுங்காவில் ஒரு ஓட்டலுக்கு மேல்மாடியில் நான் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் பிற்பாதி. மூன்று கம்ப்யூட்டர்கள், பதினெட்டு பேர், கீழிருந்து எந்நேரமும் சாம்பார் வாசனை. படிக்கட்டில் முதலாளி ஒரு பலகை மாட்டியிருந்தார்: ‘386 விரைவில்’. கம்ப்யூட்டருக்கு மூளையாக இருக்கும் சிப்பில் அடுத்து வரவிருந்தது அது. விரைவில் விரைவில் என்று ஒரு மழைக்காலம் போய் அடுத்ததும் வந்தது. பலகையில் பூஞ்சை பிடித்ததுதான் மிச்சம்.

எனக்கு அதில் பெரிய மயக்கம் கிடையாது. பத்திரிகையில் அதன் வேகத்தைப் படித்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு வருகிறவர்களைக் கிண்டல் செய்தே என் பாதி வகுப்பு ஓடும். “வந்தா என்ன ஆயிடும்? நீ பண்ற தப்பை இன்னும் சீக்கிரமாக் காட்டும், அவ்வளவுதான்” என்பேன். ஒன்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். பழைய கம்ப்யூட்டரில் ஓடுவதெல்லாம் புதியதிலும் அப்படியே ஓடும். சிப் செய்கிறவர்களே அதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

தாராவியிலிருந்து ஒரு பெண் படிக்க வந்தாள். அவள் தகப்பனாருக்கு அங்கே தோல் பை தைக்கும் பட்டறை, அந்தப் பக்கத்துப் பேச்சில் கார்கானா. திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். செம்பூரில் ஒரு ஏற்றுமதி ஆபீசில் அவளுக்கு வேலை சொல்லிவைத்திருந்தார்கள். ஆறு மாதம் படித்துச் சான்றிதழைக் காட்டினால் நாற்காலி அவளுக்கு. அந்த வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போகும் முதல் பெண்ணாக இருந்திருப்பாள்.

நான்காவது மாதம் ஒருநாள், ஹார்பர் லைன் ரயில் ஸ்டேஷன்களை அகரவரிசையில் அடுக்கும் புரோகிராமைக் கரும்பலகையில் எழுதினேன். அவள் எழுந்து நின்றாள்.

“சார், கடைசிப் பேரத் தொடவே இல்லியே. மான்குர்த் கெடந்த எடத்துலயே கெடக்கு.”

கணக்கில் ஒரு சுற்றைக் குறைத்து எழுதியிருந்தேன். அவள் சொன்னது சரி. பதினேழு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் படியேறினாலே யாராவது ஒருத்தன் “மான்குர்த்” என்று முனகுவான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த வாரம் அவள் தகப்பனார் வந்தார். படிக்கட்டுப் பலகையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினார்.

“புது மிஷின் வருதாம்லா சார். எங்க கார்கானாவுல மோட்டார் மிஷின் வந்த அன்னைக்கு, கால் மிஷின் தச்சவன் பூராம் வெளிய போயிட்டான். அவன் படிச்ச தொழில் ஒண்ணுத்துக்கும் ஆவல. இதும் அப்படித்தானா?”

நல்ல கேள்வி. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தோளுக்குப் பின்னால் அவள் இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள், என்னைவிட வேகமாக.

“ஆமா, அதேதான். இப்போ படிக்கறதெல்லாம் வேஸ்ட் ஆயிடும். புதுசு வரட்டும், அதுல நேராச் சேத்துடுங்கோ” என்றேன்.

“நெசத்தச் சொன்னீங்க சார். வேற எவனா இருந்தா பீஸ வாங்கிட்டுச் சும்மா இருந்திருப்பான்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அவள் தன் புரோகிராம்களைப் பதிந்து வைத்திருந்த ஃபிளாப்பி மட்டும் வகுப்புப் பெட்டியில் கிடந்தது. அந்த வாரம் எனக்கு நல்ல தூக்கம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

386 ஒன்றரை வருடம் கழித்து வந்தது. முதலாளி மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார். எல்லாரும் கீழே காபிக்குப் போனபிறகு நான் அவளுடைய ஃபிளாப்பியை எடுத்துப் போட்டேன். ஓடாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஸ்டேஷன்கள் வரிசையாக வந்து நின்றன. குர்லாவுக்கும் மஸ்ஜிதுக்கும் நடுவில் மான்குர்த்.

மாலையில் தகப்பனார் வந்தார். கூடவே இளைய மகள். பலகை எடுக்கப்பட்டதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“மூத்தவ?” என்று கேட்டேன்.

“அவ கார்கானாவுல பைக்குப் பசை தடவுதா சார். செம்பூர் வேலைய வேற புள்ளைக்குக் குடுத்துட்டான். இனி அவளுக்கு என்னத்துக்கு? அன்னைக்கு நீங்க சொல்லலன்னா ரெண்டு மாசம் இன்னும் வீணாப் போயிருக்கும்லா. அதான், சின்னவள ஒங்ககிட்டயே விடுதேன்.”

பிறகு, மூத்தவளின் ஸ்டேஷன் வரிசை இன்னும் அணையாமல் நின்ற திரையைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

“இது புது மிஷின்ல போட்டதா சார்?”

“ஆமா” என்றேன்.

“இவளுக்கும் இத மாதிரியே சொல்லிக் குடுங்க” என்றார்.