பெரகலையில் மறுபடி குலுங்கிய கார்

ஐம்பதுகளின் நடுப்பகுதியில், ஓர் ஐப்பசி மாத அடைமழைக் காலத்தில் இது நடந்தது. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த நாள். எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், அப்புத்தளை தாண்டி பெரகலைக்கும் கீழே இருந்தது.

அப்பா தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். தேயிலைச் செடியை ஒரே மட்டமாக வெட்டிக்கொண்டு போகும் அவர் கை, நோயில் விழுந்ததும் குச்சியாகிவிட்டது. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் அம்மாவையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டு, "இனி வீட்டில வச்சுப் பாருங்கோ. அவர் ஆசைப்படுறதைக் குடுங்கோ" என்றார். அதன் அர்த்தம் எங்களுக்குப் புரிந்தது. அப்பாவின் ஆசையும் ஒன்றுதான். தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், தன் பாயில் படுத்துச் சாக வேண்டும். "என்னைய இங்க போட்டுட்டுப் போயிறாதீங்க" என்று பார்க்கும்போதெல்லாம் கெஞ்சினார்.

நான் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. அதற்கு முன் உண்டான இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது, என் மாமியார் இறந்தபோது நான் விழுந்து புரண்டு அழுத அன்றைக்கே கலைந்தது. அதனால் இந்தத் தடவை பதுளைக்குப் போகாதே என்று லயமே சொன்னது. நான் கேட்கவில்லை. அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை, பிடிவாதத்தில் அவரை உரித்துவைத்தவள். என் வீட்டுக்காரர் வேறு வழியில்லாமல் ஒரு வாடகைக் காரை ஏற்பாடு செய்து அனுப்பிவிட்டு, தோட்டத்தில் காத்திருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது அரதப் பழசான ஒரு கறுப்புக் கார். ஓட்டி வந்தவர் பண்டாரவளை நானா ஒருவர். முஸ்லிம் ஆண்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவைத் தூக்கி ஏற்றும்போது அவர் குனிந்து முகத்தை உற்றுப் பார்த்தார். வாடகைக் காரில் சவம் ஏற்ற மாட்டார்கள். ஏற்றியது தெரிந்துவிட்டால் அப்புறம் அந்தக் காரைக் கல்யாணம் காட்சிக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். ஓட்டியவருக்கும் வேலை போய்விடும். "உசுரு இருக்கு நானா" என்றாள் அம்மா. அவர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அம்மா பின்சீட்டில் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் உட்கார்ந்தேன்.

ஹாலிஎல தாண்டியதும் கார் குலுங்கத் தொடங்கியது. கண்ணாடி தடதடத்தது, பல்லோடு பல் மோதியது. பாதைதான் மோசம் என்று பார்த்தால், வழியில் மாட்டு வண்டிக்காக நிறுத்தியபோதும் குலுக்கல் நிற்கவில்லை. நான் வயிற்றை அணைத்துக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கம்பளிக்கு மேலே கிடந்த அப்பாவின் கை காரோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கை ஆடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தைரியமாக இருந்தது.

அப்புத்தளையில் பனி மூடிக் கிடந்தது. இதற்கு மேல் இப்படி ஓட்ட முடியாது என்று நானா ஒரு கடையோரம் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே பொனட்டைத் திறந்தார். இடுப்பு விட்டுப்போயிருந்ததால் நானும் இறங்கிப் பக்கத்தில் நின்றேன். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு பிளக்கின் வயராகக் கழற்றிக் கழற்றி மாட்டினார். ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் குலுக்கல் இன்னும் கூடியது. ஒன்றைக் கழற்றியபோது மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

"இதுதான் தங்கச்சி. நாலு சிலிண்டர்ல இது வேல செய்யல்ல. மத்த மூணும் இழுக்கப் பாத்துத்தான் இந்த ஆட்டம்" என்றார்.

எஞ்சினை நிறுத்தி அந்தப் பிளக்கைக் கழற்றினார். எண்ணெய்க் கரி அப்பிக் கிடந்தது. பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, பேனாக் கத்தியால் சுரண்டி மாட்டினார். திரும்ப ஸ்டார்ட் பண்ணியதும் குலுக்கல் போன இடம் தெரியவில்லை. அப்பாடா என்று நான் ஏறி உட்கார்ந்தேன்.

இறக்கத்தில் கார் அலுங்காமல் போனது. பின்னால் திரும்பப் போனேன். "அப்பா தூங்குறாரு. சும்மா சும்மா திரும்பாத, கழுத்துப் பிடிச்சிக்கும்" என்றாள் அம்மா. நானா கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். இந்தப் பனியில் பாதையைப் பார்க்காமல் எதைப் பார்க்கிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

பெரகலைக் கடைகளுக்கு முன்னால் மறுபடி நிறுத்தினார். பொனட்டைத் திறந்தார், உடனே மூடினார். கிளப்பியதும் பழையபடி குலுக்கல்.

"இப்பதான சரி பண்ணுனீங்க நானா?" என்று அலுத்துக்கொண்டேன்.

"பழைய காரு தங்கச்சி. கிட்டத்தானே, போயிறலாம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். இந்தத் தடவை அம்மா தடுக்கவில்லை. அப்பாவின் கை கம்பளிமேல் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு லேசாகிவிட்டது. தோட்டம் வரும்வரை அவரோடு பேசிக்கொண்டே போனேன். நம்ம மலை வந்துருச்சு, கவ்வாத்து இன்னும் முடியல, பொறக்கப் போற பிள்ளைக்கு நீங்கதான் பேரு வைக்கணும் என்று என்னென்னவோ பேசினேன். "கேக்குதாப்பா?" என்றதற்கு, "கேக்குது, கேக்குது" என்று அம்மாதான் பதில் சொன்னாள்.

லயத்தில் இறங்கியதும் அம்மா பெண்களிடம் ஏதோ சொன்னாள். அவர்கள் என்னைக் கைத்தாங்கலாகக் கடைசிக் காம்பராவுக்குக் கொண்டுபோய் உட்காரவைத்து, கையில் தேத்தண்ணியைக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார். வெளியே பொனட்டைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு கார் கிளம்பியது. துளி குலுக்கல் இல்லாமல், தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக ஓடி மேட்டில் ஏறிப் போனது.

பெரகலையில் காரில் பழுதே இல்லை என்று அப்போது புரிந்தது. ஏன் குலுங்கியது என்பதும் அடுத்த நொடியே புரிந்தது. தேத்தண்ணியைக் கீழே வைப்பதற்குள் ஒப்பாரி எழுந்துவிட்டது.

பிள்ளை பிறந்த பிறகுதான் அம்மா சொன்னாள். "எப்பப் போனாருன்னு எனக்கே தெரியலடி. கை ஆடவும் உசுரு இருக்குன்னே நெனச்சிட்டேன். அப்புத்தளையில குலுக்கல் நின்னுச்சு, கையும் நின்னுருச்சு." கண்ணாடியில் நானா பார்த்ததும், அம்மா வாயைத் திறக்காமல் என் வயிற்றை மட்டும் கைகாட்டினாளாம். வேறெதுவும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அப்பாவின் கை எனக்காக ஆடட்டும் என்று பெரகலையில் தன் கையாலேயே அந்த வயரைக் கழற்றிவிட்டு, தன் பிழைப்பையும் பாராமல், ஒரு சவத்தை ஏற்றிக்கொண்டு அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி ஓட்டி வந்திருக்கிறார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. பிறகு பண்டாரவளையில் விசாரித்தும் ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தப் பிள்ளை தங்கியது. வயிற்றுப் பிள்ளைக்காரி சவத்தின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று அன்றைக்கு என்னைக் கிட்டவே விடவில்லை. அந்தக் குறை என் கட்டை வேகும்வரை தீராது. ஆனாலும் பெரகலையிலிருந்து தோட்டம்வரைக்கும் என் அப்பா எனக்கு உயிரோடு இருந்தார், நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். முன்பின் தெரியாத ஒருவர் ஒரு வயரைக் கழற்றி எனக்குக் கொடுத்த அந்தக் கொஞ்ச தூரத்தை நினைத்துத்தான் இன்றைக்கும் நான் ஆறுதல் பட்டுக்கொள்கிறேன்.