தலைக்குத் தண்ணீர்

பெரம்பலூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில், வாய் உடைந்த ஒரு பானைக்குள் என் மகளின் பல்லி இருந்தது. சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் வைத்த தடித்த பல்லி, தரையில்தான் திரியும். விறகு வாங்கியபோது கரையான் அரித்த கட்டையோடு வந்துவிட்டது. கடித்தால் விஷம் என்று தெருவே அலறியது. ஆறு வயதுக்காரி அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அதே தெருவைச் சுற்றி வந்தாள். கரப்பான் பிடித்துப் போடுவாள். தினமும் பானை மண்ணில் ஒரு கை தண்ணீர் தெளிப்பாள். ஏன்டி என்று கேட்டால், "அதுவும் குளிக்க வேணாமா?" என்பாள்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு பங்குனியில் அவளுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினேன், தாளிப்பதை நிறுத்தினேன், எல்லாம் முறைப்படிதான் செய்தேன். அம்மை இறங்கும்வரை உடம்பில் தண்ணீர் படக்கூடாது. இறங்கிய பிறகுதான் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்ற வேண்டும். நான்காம் நாளே அவள், "எரியுதும்மா, தண்ணி ஊத்தும்மா" என்று கெஞ்ச ஆரம்பித்தாள். எனக்குத் தாங்கவில்லை. இரண்டு செம்பு ஊற்றினேன். அவள் சிரித்தாள். மறுநாள் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்கடுத்த நாள் அவளை உயிரில்லாமல் கொண்டுவந்தோம்.

அரியலூரிலிருந்து வந்த என் நாத்தனார், வந்தவர்கள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "ஆத்தா இறங்குறதுக்குள்ள தண்ணிய ஊத்திப்புட்டா. புள்ளைய இவளே அனுப்பி வச்சுட்டா." என் கணவர் அரியலூர் பஸ்ஸில் கண்டக்டர். நாளெல்லாம் கத்திக் கத்தி ஆளை ஏற்றி இறக்குகிறவருக்கு அன்றைக்கு வாயே வரவில்லை. என்னைத் திட்டவும் இல்லை, அக்காவைத் தடுக்கவும் இல்லை. அதன்பிறகும் அதைப்பற்றி அவர் பேசவே இல்லை.

பல்லி மட்டும் மிஞ்சியது. கரப்பானைக் கண்டாலே குமட்டும் எனக்கு. ஆனாலும் பிடித்துப் போட்டேன். தண்ணீர் மட்டும் தெளிக்கவில்லை. அந்தச் செம்பைக் கவிழ்த்து மூலையில் தள்ளிவைத்திருந்தேன்.

கத்திரி வெயிலில் ஒரு காலை பானைக்குள் பார்த்தேன். புள்ளிகளைக் காணோம். உடம்பு முழுக்கச் சாம்பல் பூத்து வெளுத்திருந்தது. கண்களை ஏதோ வெள்ளையாக மூடியிருந்தது. போட்ட கரப்பான் அதன் முகத்தின்மேலேயே ஏறிப் போனது. அது வாயைத் திறக்கவில்லை. இதற்கும் அம்மைதான் என்று முடிவு கட்டினேன். இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு வேப்பிலையைப் பரப்பினேன். ஒரு சொட்டு ஈரம் படவிடவில்லை. இந்த முறை பிசகமாட்டேன் என்று அப்படியொரு வீம்பு.

மூன்றாம் நாள் தோல் அங்கங்கே வெடித்து, வெங்காயச் சருகு மாதிரி காய்ந்து ஒட்டிக்கொண்டது. விரல்களைச் சுற்றி வளையமாக இறுகியது. பின்னங்காலில் இரண்டு விரல்கள் கறுத்துப்போயின. அதைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார்.

"சீக்கெல்லாம் ஒண்ணுமில்லம்மா, சட்டை உரிக்குது."

"பாம்புதானேங்க உரிக்கும்?"

"பல்லியும் உரிக்கும். ஈரமில்லாம காஞ்சு ஒட்டிக்கிச்சு. தண்ணியில வைங்க, வுட்டுடும்."

தண்ணீர்! அவர் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து செம்பில் தண்ணீர் மொண்டேன். கீழே வைத்தேன். மறுபடி எடுத்து மறுபடி வைத்தேன். ஊற்றினால் செத்துவிடும் என்று பயம். ஊற்றாவிட்டாலும் சாகத்தான் போகிறது. அவள் தொட்டு வளர்த்த உயிர் அது ஒன்றுதான். "எடுத்துக்கிறதுன்னா என்னை எடுத்துக்க" என்று யாரிடம் என்று தெரியாமலே கத்தினேன். செம்பை வாசல் வெயிலில் வைத்து, சூடேறிய தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றி, அவள் பாவாடையில் ஒரு துண்டைக் கிழித்து நனைத்து, பல்லியை அதில் வைத்துப் போர்த்தினேன்.

அசையாமல் கிடந்தது. போய்விட்டது என்றே நினைத்தேன். வெகுநேரம் கழித்துத் துணி லேசாக ஆடியது. விலக்கிப் பார்த்தால், தோல் ஊறி முதுகில் தளர்ந்திருந்தது. அது தலையைத் திருப்பி, தன் தோலைத் தானே கடித்து இழுத்துத் தின்றது. விரல் வளையங்களை ஈரத் துணியால் தேய்த்துத் தேய்த்துக் கழற்றினேன். கறுத்த இரண்டு விரல்களும் தோலோடு கையில் வந்துவிட்டன. கண்மேல் இருந்ததைத் துடைத்ததும் நாக்கை நீட்டிக் கண்ணை நக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து புதுப் புள்ளிகள் பளிச்சென்று வந்தன.

மத்தியானம் கணவர் டிக்கெட் பையோடு உள்ளே வந்தார். நான் ஈரச் சேலையோடு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"தண்ணி ஊத்தினேன்," என்றேன். "சாகல."

அவர் பல்லியைப் பார்த்தார். பையைக் கழற்றக்கூட இல்லை. அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"புள்ள போனது தண்ணியால இல்ல. அம்மை நெஞ்சுக்குள்ளயும் போட்டு, நீ ஊத்துறதுக்கு முன்னாடியே சளி கட்டிப் போச்சுன்னு ஆஸ்பத்திரியிலயே டாக்டர் சொன்னாரு. அக்கா முன்னாடி சொல்ல எனக்கு வாய் வரல. அன்னைக்கே உங்கிட்ட சொல்லியிருக்கணும்."

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் உள்ளங்கையில் இன்னும் அந்த இரண்டு விரல்கள் இருந்தன. அவற்றை அவர் கையில் வைத்தேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, இது ரெண்டும் போயிருக்காது," என்றேன்.