வைரக்கண்ணு விட்ட புகை

உலகத்தில் புகைக்கே உத்தரவு போடத் தெரிந்த ஆள் ஒருவர்தான். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மொபெட் ரிப்பேர் கடை வைத்திருக்கும் வைரக்கண்ணு. அவர் முறைத்தால் அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு ஆலைகளின் புகைபோக்கிகள் மூச்சை அடக்கிக்கொள்ளும். மழை மேகம்கூட அவர் கடைக்கு மேலே ஒரு நிமிஷம் நின்று, "அண்ணே, கலர் சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் திருச்சிக்குப் போகும்.

இதில் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டாலும் மிச்சம் நிஜம். இருபத்திரண்டு வருஷமாக அவர் செய்தது ஒரே வேலை, வண்டிகளின் புகையை நிறுத்துவது. புகை கக்கிக்கொண்டு ஒரு மொபெட் தெருமுனையில் திரும்பினாலே அவருக்குக் கோபம் ஏறிவிடும். முதலில் வண்டிக்காரரைத் திட்டுவார், அப்புறம்தான் வண்டியைத் தொடுவார். பெட்ரோலில் ஆயிலை அள்ளி ஊற்றியவருக்கு ஒரு வசவு, வருஷக்கணக்கில் சைலன்சரைக் கழற்றாதவருக்கு வேறு வசவு. ஆள் மாறினால் வசவும் மாறும்.

அப்படிப்பட்டவரிடம் 2005 தை மாதம் ஒருவர் வந்து, புகை வர வைக்க வேண்டும் என்று கேட்டார். அவர் ஒரு தனியார் காலேஜின் வாத்தியார், பெயர் கிருஷ்ணமூர்த்தி. கையில் ஐந்தடி அகல இறக்கையோடு ஒரு குட்டி விமானம். தரையில் நின்றபடி ரிமோட்டில் ஓட்டுகிற ரகம். காலேஜ் ஆண்டு விழாவில் அது வானத்தில் வெள்ளைக் கோடு போட வேண்டுமாம். பிள்ளைகள் இரண்டு மாதம் மல்லுக்கட்டியும் எண்ணெய் ஒழுகுகிறதே தவிரப் புகை வரவில்லையாம்.

தன்னைக் கேலி பண்ண ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து வைரக்கண்ணு ஸ்பேனரைத் தூக்கினார். வாத்தியார் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டுதான் மிச்சத்தைச் சொன்னார்.

"கோவப்படாதீங்கண்ணே. இது மட்டும் முடிஞ்சுதுன்னா விழா மேடையில உங்க பேரச் சொல்லிக் கூப்புட்டு சால்வை போடுறோம். இது என் வாக்கு."

ஸ்பேனர் இறங்கியது. அதுவரை வைரக்கண்ணுவின் பெயரை மைக்கில் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அவர் பர்ஸ் கிடைத்தபோது. அதுவும் வைரப்பன் என்று.

மூன்று வாரம் ராப்பகலாக அதே வேலை. காயலான் கடையில் கிடந்த ஒரு வேனிலிருந்து கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் சின்ன மோட்டாரைக் கழற்றி வந்து எண்ணெய்க்குப் பம்பாக்கினார். பிரிட்ஜ் மெக்கானிக்கிடம் மெல்லிய செப்புக் குழாய் வாங்கி விமானத்தின் சைலன்சரைச் சுற்றிப் பாம்பு மாதிரி வளைத்தார். எண்ணெய் அந்தக் குழாயில் ஓடிச் சூடேறி உள்ளே விழுந்தால்தான் புகையாகும், பச்சையாக விழுந்தால் ஒழுகத்தான் செய்யும். எண்ணெய் திரும்பி வராமலிருக்க ஒரு சைக்கிள் டியூப் வால்வு. முதலில் ஊற்றிய ஆயில் நீலமாகப் புகைந்து நாறியது. டீசலுக்கு மாறியதும் கடைத்தெரு முழுக்க ஒரே வெள்ளை. டீக்கடைக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று குடத்துத் தண்ணீரோடு ஓடிவந்தார். வைரக்கண்ணு சிரித்ததை அன்றுதான் அந்தத் தெரு பார்த்தது.

ஒரே ஒரு விதிதான். முழு ரேஸ் கொடுத்து, சைலன்சர் நன்றாகக் காய்ந்த பிறகே பம்பைத் திறக்க வேண்டும். மாற்றித் திறந்தால் எஞ்சின் எண்ணெயில் மூச்சு முட்டி நின்றுவிடும். விமானம் ஓட்டப்போகிற மாணவி பிரவீணா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். வாத்தியார், இதெல்லாம் நாங்கள் புத்தகத்தில் பார்த்ததுதான் என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே அவரை வெளியே தள்ளியிருக்க வேண்டும்.

விழா அன்று வைரக்கண்ணு புது வேட்டி கட்டி, மனைவி இருசம்மாளையும் கடைப் பையனையும் கூட்டிக்கொண்டு காலேஜ் வாசலுக்குப் போனார். வாட்ச்மேன் காகிதத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். பெயர் இல்லை. வேலைக்கு வந்த ஆள் என்றால் பின்பக்கம் போய் நிற்கச் சொன்னார். வாத்தியாரைக் கூப்பிடச் சொன்னதற்கு, சார் மேடையில் இருக்கிறார் என்று பதில்.

பின்பக்கம் கேட்டே இல்லை. எட்டடிச் சுவரும், மக்காச்சோளம் அறுத்த காடும்தான். வேடிக்கை பார்க்க ஏற்கெனவே பத்துப் பேர் அங்கே நின்றிருந்தார்கள். சோளக்கட்டை காலில் குத்த இருசம்மாள் மெதுவாகச் சொன்னாள்:

"மைக்குல கூப்புடுவாங்கன்னீங்க. வாட்ச்மேனே கூப்புடலீங்களே."

அதற்குள் மைக் பேசியது. கிருஷ்ணமூர்த்தியின் குரல். இந்தப் புகை ஏற்பாடு முழுக்கத் தன் வழிகாட்டுதலில் மாணவர்களே கண்டுபிடித்தது என்றது. கைதட்டல். வைரக்கண்ணுவின் கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. மூன்று வாரம் எரிந்த விரல், கருகிய மீசை, எல்லாம் யாரோ ஒருவருடைய வழிகாட்டுதலாகிவிட்டது.

விமானம் சுவரைத் தாண்டி மேலே வந்தது. பாதி ரேஸிலேயே பம்பைத் திறந்துவிட்டார்கள். வாத்தியாரின் அவசரம். புகை வரவில்லை. கிழட்டு மாடு நடந்துகொண்டே மூத்திரம் போவது மாதிரி டீசல் ஒழுகியது. உள்ளே சிரிப்பு கேட்டது. எஞ்சின் இரண்டு தடவை இருமியது. மூன்றாவது இருமலில் கீழே வரும் என்பது வைரக்கண்ணுவின் காதுக்குத் தெரியும்.

அப்போதுதான் வைரக்கண்ணு சுவரில் தாவி ஏறி, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

"பிரவீணா, பம்ப நிறுத்து. முழு ரேஸ் குடு. பத்து எண்ணிட்டு அப்பறம் தொற."

அந்தப் பெண் வாத்தியாரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். சொன்னபடி செய்தாள். எஞ்சின் தெளிந்து வீறிட்டது. பிறகு காலேஜின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, சுண்ணாம்பால் இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

சால்வை கிருஷ்ணமூர்த்திக்குப் போனது. மூன்றாம் நாள் அவர் கடைக்கு வந்து, மிச்சமிருந்த சால்வை ஒன்றை நீட்டினார். வைரக்கண்ணு வாங்கிக்கொண்டு, அவர் கண்ணெதிரிலேயே கிரீஸ் கையைத் துடைத்தார்.

இந்த இடம்வரை எழுதி முடித்து, எழுதியவன், அதாவது அன்றைக்கு அவரோடு போன அந்தக் கடைப் பையன், போன வாரம் அவரிடமே படித்துக் காட்டினான். பத்தாவது தேறாதவனுக்கு இது பெரிய காரியம் என்ற நினைப்பு. பிளக்கைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்த வைரக்கண்ணு, கத்திய இடம் வந்ததும் தேய்ப்பதை நிறுத்தியிருந்தார். படித்து முடித்ததும் பிளக்கைக் கீழே வைத்தார்.

"எட்டடிச் செவுரு. இந்த முட்டிய வச்சிக்கிட்டு நான் ஏறுனனா?"

கோபத்தில் மனுஷனுக்கு எங்கிருந்தோ பலம் வந்துவிடும் என்று எழுதியவன் சமாளித்தான்.

"எனக்கு வந்தது அந்தக் கோவம் இல்லடா. விழுந்து நொறுங்கட்டும்னுதான் வாயத் தொறக்காம நின்னேன். என் வேல கெட்டுப்போவுதேன்னு பதறி, செவுத்துல ஏறித் தொண்ட கிழியக் கத்துனவன் நீ. நான் பண்ணாததுக்கு எம் பேரப் போடுறியே, நீ என்ன அந்த வாத்தியாருக்குத் தம்பியா?"

எழுதியவன் காகிதத்தை மடிக்கப் பார்த்தான்.

"மடிக்காத, இன்னொரு தப்பும் இருக்கு. நான் சொல்லிக் குடுத்தது பதினஞ்சு. நீதான் பத்துன்னு கத்துன. அந்தப் பொண்ணு கெட்டிக்காரி, பதினஞ்சு எண்ணித்தான் தொறந்துச்சு."