"பாதுகாப்பாக இருக்கும்" என்று எழுதியவருக்கு

அந்தச் சேமிப்புச் செயலிக்குத் தமிழில் வழிமுறை எழுதியவரே, என் தங்கை மகளிடமிருந்து அப்பாவை இரண்டாவது முறை பறித்தது நீங்கள்தான்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம், பெர்மாஸ் ஜெயாவில் தங்கை வீட்டில் நடந்தது. அவள் கணவர் தினமும் எல்லைப் பாலம் தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். மகள் எழுவதற்குள் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். பாலத்து நெரிசலில் நிற்கும்போது அவளுக்குக் குரல் பதிவு அனுப்புவார். "பாப்பா, அப்பா பாலத்துல மாட்டிக்கிட்டேன் லா. அம்மாவக் கத்த விடாம மைலோவக் குடிச்சிட்டுப் போ." தினமும் இப்படி ஏதாவது. விபத்தில் அவர் போன பிறகும், பிள்ளை ஒரு பதிவைக் கேட்டுவிட்டுத்தான் பள்ளிக்குச் சப்பாத்து போடும்.

தங்கை அந்தப் பதிவுகள் எல்லாவற்றையும் அந்தச் செயலிக்கே மாற்றி, போனிலும் மடிக்கணினியிலும் வைத்திருந்தாள். மடிக்கணினியில் இடம் நிறைந்துவிட்டது. வழிமுறைப் பக்கத்தைத் திறந்தாள். "கணினியில் உள்ள கோப்புகளை அழித்து இடத்தை மிச்சப்படுத்தலாம். உங்கள் கோப்புகள் பாதுகாப்பாக இருக்கும். குப்பைத் தொட்டியையும் காலி செய்யவும்."

"போன்ல இருக்கும்தானே அண்ணே?"

"அதான் பாதுகாப்புன்னு போட்டிருக்கானே."

அழித்தாள். தொட்டியையும் காலி செய்தாள். மறுநாள் காலை போனைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. பிள்ளை ஒற்றைச் சப்பாத்தோடு வாசலில் நின்றது. "மாமா, அப்பா இன்னிக்குப் பேச மாட்டாங்களா?"

உதவி எண்ணுக்கு அழைத்தேன். தமிழ்ப் பையன்தான் எடுத்தான். "ஒரு இடத்துல அழிச்சா எல்லா இடத்துலயும் போயிரும் அங்கிள். இது எல்லாருக்கும் தெரியும் லா. திரும்ப எடுக்க முடியாது."

"தெரிஞ்சவனுக்கு எதுக்குடா வழிமுறை?" என்று கத்தினேன். கத்தி என்ன? போனது போனதுதான்.

பொங்கல் கழித்து அதே பக்கத்தைப் பார்த்தேன். சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறார்கள். "இங்கே அழித்தால் உங்கள் மற்றக் கருவிகளிலும் அழிந்துவிடும்." இவ்வளவுதான். ஒரே வரி.

இப்போது எந்தத் திரையில் "பாதுகாப்பாக" என்று பார்த்தாலும், அந்த ஒற்றைச் சப்பாத்துதான் எனக்குத் தெரிகிறது. பிள்ளை அப்பாவைக் கேட்பதையே விட்டுவிட்டது. அது இன்னும் மோசம்.

அந்த ஒரு வரியை முதலிலேயே ஏன் எழுதவில்லை? எத்தனை வீட்டில் அழிந்த பிறகு மாற்றினீர்கள்? எனக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்பி மன்னிப்புக் கேட்க வேண்டாம். இந்தக் கடிதம் வரும் இதே பத்திரிகையில், எல்லாரும் படிக்கும்படி பதில் சொல்லுங்கள்.